முந்நூற்றைம்பது வாட் சாமி விளக்கு

“அந்தப் பொணத்தை இன்னிக்கே தூக்கிண்டு போகச் சொல்லுங்கோ! இல்லேன்னா நான் கிளம்பறேன்!”

“கிளம்பேன். போறச்சே பின்கதவைச் சாத்திட்டுப் போ, புகை உள்ளே வர்றது.”

“புகை யாரால வர்றது? நானா பீடி குடிக்கறேன்?”

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் காலை ஏழரை மணிக்கு இவ்வளவு கணீரென்று தமிழ் கேட்டால் அது மஹாதேவன் வீடுதான் என்று தெருக்கோடியில் மீன் விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். அர்த்தம் தெரியாவிட்டால் என்ன, ராகம் தெரியும். பிணம் என்று அவர் மனைவி ராஜலக்ஷ்மி சொன்னது, வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் இருமிக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டரை. துறைமுகத்தின் மின்பிரிவில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய மஹாதேவன், அங்கே கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்துவந்தது. ஓய்வு பெற்ற நாளில் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்; அது நின்றுபோய் ஆறு வருடமாகிறது. ஜெனரேட்டர் நிற்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. கிளம்புவதுதான் சிரமம். கரண்ட் போனதும் அதன் தலையில் தட்டி, குழாயை ஊதி, “வாடா கண்ணா, வாடா ராஜா” என்று கெஞ்சிக் கிளப்ப மூன்று நிமிடமாவது ஆகும். கட்டின பெண்டாட்டியை அவர் அப்படிக் கொஞ்சி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

மூன்று நிமிடம் பெரிய விஷயமா என்றால், பெரிய விஷயம்தான். மாடியில் குடியிருப்பு, கீழே ராஜலக்ஷ்மியின் ரத்தப் பரிசோதனை லேப். தைராய்டு பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. கரண்ட் ஒரு முறை கண்ணடித்தால் போதும், நடந்ததெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆரம்பிக்க மறுபடி ரத்தம் வேண்டும். முந்தின நாள் காலையில் பதினோரு பேருடைய ரத்தம் அப்படிப் பாழாகியிருந்தது. முன்மேஜையில் உட்காரும் மேக்னா பதினோரு பேருக்கும் போன் செய்து, நாளைக்கும் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. ஒரு வங்காளியை இரண்டு நாள் தொடர்ந்து காலை லூச்சிப் பூரி சாப்பிடாமல் வரச் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று மேக்னாவைத்தான் கேட்கவேண்டும். ஏழாவது ஆள் அவளுடைய பரம்பரையையே இழுத்தானாம்.

“அப்பா, ப்ளீஸ்,” என்று நடுவில் வந்தாள் மகள் சுப்ரியா. மைக்ரோபயாலஜி படித்தவள், லேபை நடத்துவது உண்மையில் அவள்தான். “நவம்பர்ல தரச் சான்றிதழுக்கு இன்ஸ்பெக்ஷன். பேக்கப் பவர் எங்கேன்னு கேட்பா. உன் கொட்டகையையா காட்டறது? சுவத்துல மாட்டற லித்தியம் பேட்டரி வந்தாச்சு. கரண்ட் போனதே மெஷினுக்குத் தெரியாது. எந்த ஸ்விட்சுல எவ்வளவு போறதுன்னு போன்லயே பார்த்துக்கலாம்.”

“போன்லயா?” என்றார் மஹாதேவன்.

“ஆமா. ஒவ்வொரு லைனும் தனித்தனியா.”

அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள், பழைய ஜெனரேட்டர்மேல் மனுஷருக்கு என்ன பாசம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். பாசம் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அன்றைக்கு முகம் வெளுத்தது பாசத்தால் அல்ல.

விஷயம் இதுதான். லேபின் பின்சுவரில் ஒரு பழைய மெயின் போர்டு. அதில் பன்னிரண்டு சுவிட்சுகள். பத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது: பிரிட்ஜ், ஏ.சி., மோட்டார் என்று. பன்னிரண்டாவது வேலை செய்யாது. பதினொன்றாவதில் மட்டும் மஹாதேவன் தன் கைப்படத் தமிழில் எழுதியிருந்தார்: ‘சாமி விளக்கு. அணைக்காதே.’

அந்த சுவிட்சிலிருந்து கிளம்பும் வயர் மாடிப் பூஜையறைக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாக வெளியே வந்து, கொய்யா மரத்தில் ஏறி, கேபிள் டிவி வயர்களோடு வயராகப் பின்சுவரைத் தாண்டி, அடுத்த தெரு வீட்டின் படுக்கையறையில் ஒரு சிவப்பு ப்ளக் பாயின்டில் போய் முடிகிறது. அந்த வீடு மஹாதேவனின் அக்கா வசுமதியுடையது. வசுமதிக்கும் ராஜலக்ஷ்மிக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். லேப் திறந்த அன்று கணபதி ஹோமம் முடிந்து, எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வசுமதி கூட்டத்தின் நடுவில், “ரத்தம் எடுக்கற கடையை வெள்ளிக்கிழமையா பார்த்துத் திறக்கறாளே, ராஜிக்கு ரொம்பத்தான் தைரியம்” என்று சொல்லிவிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வசுமதியின் மெதுவான குரல் ஸ்டேஷன்வரை கேட்கும். ராஜலக்ஷ்மி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். வைத்தவள் வைத்தவள்தான். “இனிமே அந்தாத்துக்கு நம்மாத்துலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணிகூடப் போகப்படாது” என்று அன்று இரவே புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் போகவில்லை. அந்த மட்டும் மஹாதேவன் சத்தியம் தவறாதவர்.

அம்பன் புயல் வந்து பாடா முழுக்க, அதாவது இந்தப் பேட்டை முழுக்க, ஐந்து நாள் இருண்டு கிடந்தபோதுதான் அந்த வயர் போனது. அக்கா வீட்டில் ஒரு ஃபேனாவது ஓடட்டுமே என்று இழுத்தார். மறுநாள் ராஜலக்ஷ்மி, “அங்கே லைன் கீன் குடுத்தேளா?” என்று நேரடியாகக் கேட்டாள். “சேச்சே” என்றார். அடுத்த வருடம் அக்கா புருஷன் சந்தானத்துக்கு நுரையீரல் பழுதாகிப் போனது. அன்றுமுதல் அவர் கட்டிலோரத்தில் ஒரு ஆக்ஸிஜன் மெஷின், அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக்குழாய் வழியாக அனுப்புவது. இரவும் பகலும் ஓடவேண்டும். பிள்ளை அனந்த் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்வெர்ட்டர் வாங்கி அனுப்பினான். அதன் பேட்டரி முதல் மழைக்காலத்திலேயே வயிறு உப்பிச் செத்தது. ஆசிட் வாடை வேறு சந்தானத்துக்கு ஆகவில்லை. “அதைத் தூக்கிப் போடு, நான் எதுக்கு இருக்கேன்?” என்றார் மஹாதேவன், துறைமுகத்தையே வெளிச்சமாக வைத்திருந்தவர் என்ற மிடுக்கோடு. அத்திம்பேரின் மெஷின் சிவப்பு ப்ளக்குக்கு மாறியது; கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிளம்பும்வரை சமாளிக்க ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் கட்டிலடியில் இருந்தது.

ஆக, ஜெனரேட்டர் போனால் போர்டு போகும். போர்டு போனால் பதினொன்றாம் சுவிட்ச் போனில் தெரியும். ராஜலக்ஷ்மிக்குத் தெரிந்தால் வயர் அறுபடும். வயர் அறுபட்டால், அடுத்த புயலில் அத்திம்பேரின் மூச்சுக்கு வசுமதி யாரிடம் போய் நிற்பாள்? ராஜலக்ஷ்மியிடம் கேட்பதைவிட அவள் கையால் பம்ப் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதுதான் மஹாதேவனின் கவலை. ஐந்து வருடத்தில் ராஜலக்ஷ்மி இந்த சுவிட்சை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது அவருடைய தைரியம். தொட்டதில்லை என்று சொல்வதும் சரியில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று மைக்ராஸ்கோப்புக்கும் பிரிட்ஜுக்கும் பொட்டு வைக்கும்போது, ‘சாமி விளக்கு’ என்று எழுதியிருக்கிறதே என்று அந்த சுவிட்சுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சந்தனம் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மஹாதேவன் அவசரமாகத் தானும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பக்தி என்று சொல்லிக்கொள்வார்.

பாடாவில் யாருக்கும் தெரியாதா என்றால், ராஜலக்ஷ்மியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காலையில் லேக்கைச் சுற்றி நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர் சட்டையில் ரசக்கறையோடு திரும்பினால், லேக்கில் ரசமா ஓடுகிறது?

அதற்கப்புறம் மூன்று வாரம் மஹாதேவன் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஆவணி கடைசியில் எதையும் மாற்றக்கூடாது என்றார். பிறகு, விஸ்வகர்மா பூஜைக்கு முன்னால் மெஷினை வெளியேற்றினால் விஸ்வகர்மாவுக்கே கோபம் வரும் என்றார். துறைமுகத்தில் பழகிய பழக்கம்; ஜெனரேட்டருக்கு செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை, நவராத்திரியில் ஆயுத பூஜை என்று வருடத்துக்கு இரண்டு மாலை விழும். பூஜை முடிந்தால் மஹாளய பட்சம், அதில் புதுசு எதுவும் வாங்கக்கூடாது. அப்புறம் நவராத்திரி. “தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.”

“இன்ஸ்பெக்டர்கிட்டேயும் பஞ்சாங்கத்தைக் காட்டறியா அப்பா?” என்று கேட்டாள் சுப்ரியா. கேட்டதோடு நிற்காமல், காளிகாட்டில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு போன் செய்துவிட்டாள்.

அங்கிருந்து வந்தவன்தான் ரோஹித். முப்பது வயது இருக்கும், ஒல்லி, தோளில் பை. முதல் நாள் விலை சொல்ல வந்தான். இரண்டாம் நாள் சுவரை அளக்க வந்தான். மூன்றாம் நாள் அதே சுவரை மறுபடி அளக்க வந்தான். ஒரு சுவரை எத்தனை தடவை அளப்பது? மாடி பால்கனிகளில் துணி உலர்த்திய பெண்களுக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது: சுப்ரியாவுக்கு வயது இருபத்தெட்டு, பையன் பார்க்க நன்றாக இருக்கிறான், அடிக்கடி வருகிறான். மேக்னா அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்ததை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. டீ கொடுப்பது அவள் வேலைதானே.

எந்தெந்த சுவிட்சில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்து பார்த்தால்தான் எத்தனை பேட்டரி என்று சொல்லமுடியும் என்றான் ரோஹித். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் மஹாதேவன் தந்திரம் செய்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வா என்றார். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ராஜலக்ஷ்மி லலிதா சகஸ்ரநாமக் கோஷ்டிக்குப் போய்விடுவாள்; பதினோரு மணிக்கு முன் திரும்பமாட்டாள். அதற்குள் பத்து சுவிட்சை அளந்துவிட்டு, பதினொன்றைப் பழுது என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

முதல்நாள் ராத்திரி பெய்த மழையைத்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ரோஹித் இடுக்கி மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வும் ஒரு மீட்டரோடு போர்டுக்கு முன்னால் நின்றான். சுப்ரியா அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். பிரிட்ஜ், ஏ.சி., மோட்டார் எல்லாம் ஒழுங்காக வந்தன. மஹாதேவன் பின்னாலேயே நின்று, அளக்கிற ஒவ்வொன்றுக்கும் தேர்வு எழுதுகிற பையனின் அப்பா மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“காகு, இந்தப் பதினொண்ணு என்ன?” என்று ரோஹித் வங்காளத்தில், மாமா என்கிற மாதிரி, கேட்டான்.

“அது சாமி விளக்கு. சின்ன பல்பு. விட்டுடு.”

ரோஹித் விடவில்லை. தொழில் தெரிந்தவன். வயரைக் கவ்வினான், மீட்டரைப் பார்த்தான், தட்டினான், மறுபடி பார்த்தான். “முந்நூற்றைம்பது வாட் எடுக்கிறதே காகு! என்ன சாமி இது?”

“பெரிய சாமி” என்றார் மஹாதேவன்.

சுப்ரியா பேனாவை நிறுத்தினாள். அப்போதுதான் வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

“ஸ்டேஷன் பக்கம் முழங்கால் மட்டும் தண்ணி. சகஸ்ரநாமம் கான்சல்” என்று சொல்லிக்கொண்டே ராஜலக்ஷ்மி உள்ளே வந்தாள். “என்ன எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறாப்பல நிக்கறேள்?”

“காகீமா, உங்கள் சாமி விளக்கில் எங்கோ கரண்ட் கசிகிறது” என்றான் ரோஹித், ஒன்றும் அறியாத பிள்ளை. “அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.”

“தொடாதே!” என்று கத்தினார் மஹாதேவன். அவர் கத்தினதற்கும் ரோஹித்தின் விரல் சுவிட்சைத் தட்டினதற்கும் அரை நொடி வித்தியாசம்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொய்யா மரத்துக்கு அப்பாலிருந்து, சுவரைத் தாண்டி, ‘பீ...ப், பீ...ப்’ என்று ஒரு மெஷின் அழ ஆரம்பித்தது. அதற்கு மேலே, ஸ்டேஷன்வரை கேட்கக்கூடிய வசுமதியின் குரல்:

“டேய் மாதேவா! அத்திம்பேருக்குக் கரண்ட் போயிடுத்துடா! சிலிண்டரைத் திறந்துட்டேன்! உன் ஆம்படையா பார்த்துட்டாளாடா?”

லேபில் ரத்தம் கொடுக்கக் காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேக்னா வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜலக்ஷ்மி பதினொன்றாம் சுவிட்சைப் பார்த்தாள். போன வருடத்துக் குங்குமம் அதன்மேல் இன்னும் லேசாக ஒட்டியிருந்தது. அங்கிருந்து வயரைத் தொடர்ந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கொய்யா மரம், மரத்திலிருந்து சுவர் என்று அவள் கண் போய்ச் சேர்ந்த இடத்தை மஹாதேவனும் பார்த்துக்கொண்டிருந்தார். லேபில் ஒன்பது வருடம் இருந்தவளுக்கு அந்த அழுகை எந்த மெஷினுடையது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

அவளே இரண்டடி முன்னால் வந்து சுவிட்சை மேலே தள்ளினாள். சுவருக்கு அப்பால் அழுகை நின்றது.

“கசிவெல்லாம் ஒண்ணும் இல்லே” என்று ரோஹித்திடம் வங்காளத்தில் சொன்னாள். “மத்ததை அளந்து முடி.” சொல்லிவிட்டு ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு மாடிக்குப் போனாள்.

ராஜலக்ஷ்மி கத்தினால் மஹாதேவனுக்கு ஒன்றும் ஆகாது. நாற்பது வருடப் பழக்கம். அவள் கத்தவில்லை. அதுதான் அவரைப் படுத்தியது. மத்தியானம் இலை போட்டாள். சுட்ட அப்பளம், அவருக்குப் பிடித்த மோர்க்குழம்பு, எல்லாம் இருந்தது. தூக்குத் தண்டனைக் கைதியைக் கேட்பதுபோல, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டாள். அவர் கொய்யா மரத்துப் பக்கமே காதை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கத்தரிக்கோல் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று. மூன்று நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்குத் தாங்கவில்லை.

“ஏதாவது சொல்லேன் ராஜம். திட்டவாவது திட்டேன்.”

“என்னத்தைத் திட்டறது?” என்றாள் அவள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. “அஞ்சு வருஷமா சந்தனம் வெச்சேன், குங்குமம் வெச்சேன், கன்னத்துல போட்டுண்டேன். போன தடவை கல்கண்டு வேற நைவேத்யம் பண்ணினேன். நாத்தனார் ஆத்து ப்ளக்குக்கு!”

“நான் சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா அன்னிக்கே அறுத்திருப்பேன். சொல்லலே. நான் சாமின்னு நெனைச்சு கும்பிட்டாச்சு. கும்பிட்டதைக் கட் பண்ண முடியுமா இப்போ? பாவம் யாருக்கு, உங்களுக்கா வந்து சேரும்? எனக்கில்லே சேரும்!” வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். “அந்தப் பையனை வரச் சொல்லுங்கோ.”

ரோஹித்துக்குச் சொல்லியனுப்பவே வேண்டாம். சுவரை அளக்க அவனாகவே வந்துவிட்டான். ராஜலக்ஷ்மி அவனை நிற்கவைத்து, புதுப் பேட்டரியில் முதல் லைன் சாமி விளக்குக்கு என்றாள். பேட்டரி தீர்ந்துபோகிற நிலைமை வந்தால் ஏ.சி. அணையட்டும், மோட்டார் அணையட்டும், தைராய்டு மெஷின்கூட அணையட்டும், அது மட்டும் கடைசிவரை அணையக்கூடாது. கொய்யா மரத்தில் தொங்குகிற வயர் பழசு, அதை எடுத்துவிட்டுப் பைப்புக்குள் புதுசாகப் போடு. அந்தப் பக்கம் ஒரு ஃபேனும் லைட்டும் சேர்ந்து ஓடுகிற மாதிரிப் போடு.

“சாமிக்கு ஃபேனா காகீமா?” என்றான் ரோஹித்.

“நீ வயரை மட்டும் பாரு.”

“மஹாளய பட்சத்துல புதுசா...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார் மஹாதேவன்.

“சாமி காரியத்துக்குப் பட்சம் கிடையாது” என்றாள் ராஜலக்ஷ்மி.

விஸ்வகர்மா பூஜையன்று வேலைக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். மொட்டைமாடிகளில் நின்று பட்டம் விடுவார்கள். அன்று ஜெனரேட்டருக்குக் கடைசி மாலையை மஹாதேவன் போட்டார். மறுநாள் மாற்றினார்கள். மூன்று மணிநேரம் லேப் முழுவதும் இருட்டு. ரத்தம் எல்லாம் ஐஸ்பெட்டியில், மேக்னா வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் பின்புறம் கொட்டகையில் ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. போர்டிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பதினொன்றாம் வயரை மட்டும் நேரடியாக அதில் மாட்டச் சொல்லியிருந்தாள் ராஜலக்ஷ்மி. ஒரு ஆஸ்பத்திரி வார்டையே தாங்கக்கூடிய மெஷின், ஒரே ஒரு மனிதருடைய மூச்சுக்காக மூன்று மணிநேரம் புகைவிட்டது. அன்று புகையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

புது பெட்டி சுவரில் ஏறி, பச்சை விளக்கு எரிந்ததும் ரோஹித் மெயினை அணைத்துக் காட்டினான். ஒன்றும் ஆகவில்லை. தைராய்டு மெஷின் தன்பாட்டுக்குச் சுற்றியது. கொய்யா மரத்துப் பக்கமிருந்து சத்தமே இல்லை. மஹாதேவன் கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டரின் சாவியைத் திருப்பினார். அது இரண்டு தடவை குலுங்கி நின்றது. “போதும்டா ராஜா” என்றாராம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகப் பக்கத்து மொட்டைமாடியிலிருந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். டீசல் வாடை என்று அவர் சொல்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் ராஜலக்ஷ்மி பெரிய மனுஷி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் அவ்வளவு பெரிய மனுஷி இல்லை.

நவராத்திரியில் கொலு பார்க்க ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது வழக்கம். ஒன்பது வருடமாக இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டும் அந்த வழக்கம் இல்லை. அந்த வருடம் ராஜலக்ஷ்மி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சுண்டல் டப்பாவோடு சுற்றுவழியாக அடுத்த தெருவுக்குக் கிளம்பினாள். துணைக்கு மஹாதேவன். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் கிளம்பினாள்.

கதவைத் திறந்த வசுமதி வாயடைத்து நின்றாள். வசுமதி வாயடைத்து நின்றது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

“வா ராஜி” என்றாள் கடைசியில்.

ராஜலக்ஷ்மி கொலுவைப் பார்த்தாள். படுக்கையறைக்குப் போய், “சௌக்கியமா இருக்கேளா?” என்று சந்தானத்தை விசாரித்தாள். மூக்குக்குழாயோடு அவர் சிரித்துத் தலையாட்டினார். கட்டிலோரத்துச் சிவப்பு ப்ளக்கைக் கண்ணெடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கி, ப்ளக்குக்கு ஒரு பொட்டு வைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, மடியிலே கட்டிவைத்திருந்ததை அவிழ்த்தாள்:

“அக்கா, இந்தாத்து மூச்சு ராத்திரி பகலா எங்கேர்ந்து வர்றதுன்னு தெரியுமோல்லியோ? வெள்ளிக்கிழமை திறந்த கடையிலேர்ந்து.”

மஹாதேவன் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு ஒன்பது வருடம் என்று நினைத்தார்.

வசுமதி சுண்டல் டப்பாவைத் திறந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். “கடை நன்னாத்தான் இருக்கு” என்றாள். “சுண்டல்லதான் உப்பு இல்லே.”

“உப்பு இல்லேன்னா போட்டுக்கோங்கோ.”

“போட்டுண்டாப் போச்சு. உட்காரு, காபி கலக்கறேன்.”

படுக்கையறையிலிருந்து ஒரு சிரிப்பும், அதைத் தொடர்ந்து இருமலும் கேட்டன. மஹாதேவன் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

நவம்பரில் இன்ஸ்பெக்டர் வந்தார். சுவர்ப்பெட்டியைப் பார்த்தார், சுப்ரியாவின் போனில் ஒவ்வொரு லைனாகத் தள்ளிப் பார்த்தார். ‘சாமி விளக்கு’ என்று தமிழில் இருந்ததற்கு அர்த்தம் கேட்டார். “எமர்ஜென்சி லைட்” என்றாள் சுப்ரியா. சான்றிதழ் வந்தது.

ஜெனரேட்டரைக் காளிகாட் பக்கம் பந்தல் போடுகிற ஒருவர் எடுத்துப் போனார். பூஜைப் பந்தல்களில் அது இன்னும் இருமிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. துர்க்கை பூஜைக்கு மஹாதேவன் பந்தல் பார்க்கப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம்தான் போகிறார்.

கொல்கத்தாவின் குளிர்காலப் புகை சந்தானத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்ல, தை மாதம் அனந்த் வந்து அப்பாவையும் அம்மாவையும் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனான். ரயிலேற்றப் போன ராஜலக்ஷ்மி, வழிக்கு வைத்துக் கொடுத்த தயிர்சாதத்தில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தாள். அங்கே அத்திம்பேருக்கு மெஷின் ராத்திரி மட்டும் போதுமாம். வாரம் ஒரு தடவை வீடியோ காலில் நாத்தனார்கள் இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். லேபுக்கு வருகிறவர்களுக்கு மேக்னாதான் அர்த்தம் சொல்கிறாள்.

சுப்ரியா விஷயத்தில் பால்கனிக் கணக்கு தப்பாகப் போயிற்று. அவள் ரோஹித்தைக் கட்டிக்கொள்ளவில்லை. பூனாவில் வேலை பார்க்கும் அக்ஷய் என்று ஒரு பையன், கல்லூரியில் கூடப் படித்தவன்; எந்த பால்கனிக்கும் தெரியாமல் ஆறு வருடம் போனிலேயே பேசியிருக்கிறாள். சித்திரையில் கல்யாணம். இப்போது லேபின் கரண்டை பூனாவிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள்.

ரோஹித் கட்டிக்கொண்டது மேக்னாவை. பால்குன மாதம், பின்தெருக் கிளப்பில் ஜோராக விருந்து. சுவரை அவன் அத்தனை தடவை அளந்தது எதற்கு என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. போர்டு இருந்த சுவருக்கு நேர் எதிரில்தானே முன்மேஜை. கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் வீடு தேடினார்கள். வசுமதி காலி செய்த வீடே வாடகைக்குக் கிடைத்தது, குடிவந்துவிட்டார்கள்.

சாமி விளக்கு லைனில் மூன்று மாதமாகப் போனில் பூஜ்யம்தான் தெரிந்தது. ராஜலக்ஷ்மி தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவாள். எடுத்துவிடலாமா என்று மஹாதேவன் கேட்டால் முறைப்பாள். வைசாக வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், பாடா முழுக்கக் கரண்ட் போயிருந்த நேரம், அவள் போனைப் பார்த்தாள். பூஜ்யம் இல்லை. ஆயிரத்து இருநூறு வாட்.

மாடி ஜன்னலுக்குப் போய், கொய்யா மரத்தைப் பார்த்து, அந்தத் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்:

“ஏ ரோஹித்! சாமிக்கு என்னடா அவ்வளவு புழுக்கம்? ஏ.சி.யை அணை!”